அழித்தற் கடவுள் தனியே உண்டோ?

முன்னுரை

மலையும் மலையைச் சார்ந்த நிலமும் குறிஞ்சி என்றும், அந்நிலத்தின் தெய்வம் சேயோன் என்றும் நம் முன்னோர் வகுத்தனர். அவ்வகுப்பைக் கண்ணால் காண விழைவோர் இடுக்கி மாவட்டத்து வட்டவடைக்குச் சென்று வரலாம். மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வழியாக, பாம்பாடும் சோலையின் நிழலைக் கடந்து ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீட்டர் சென்றால், மலையின் இடுப்பில் படிப்படியாக வெட்டிய விளைநிலங்கள் விரியும். பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் முட்டைக்கோசும் அங்கே பயிராகின்றன. அரசின் எல்லைக்கோடு அவ்வூரைக் கேரளத்தில் வைத்தது. வாய்மொழியோ அதனைத் தமிழகத்தில் வைத்திருக்கிறது.

அம்மலைப் பக்கத்துத் தமிழ்க்குடிகள் தம் முன்னோர் மதுரைச் சீமையிலிருந்து வந்தோர் என்றே சொல்லிக் கொள்வர். அங்குள்ள முதுவர் என்னும் பழங்குடியினரிடமும் அத்தகைய வழக்கு ஒன்றுண்டு. மதுரையை விட்டு மலையேறியபோது தம் தெய்வத்தையும் பிள்ளைகளையும் முதுகில் சுமந்து வந்தமையால் முதுவர் எனப் பெயர் பெற்றோம் என்பது அவர் கூற்று. சொல்லாராய்ச்சியாளர் இதனை ஒப்பினும் ஒப்பாவிடினும், புலம்பெயர்ந்தோர் உள்ளத்தை இதனினும் நன்றாகக் காட்டும் கதை பிறிதொன்றில்லை. ஊரை விட்டுச் செல்வோர் நிலத்தைச் சுமக்க இயலாது. வீட்டைச் சுமக்க இயலாது. தெய்வத்தையும் பிள்ளைகளையும் மட்டுமே சுமக்க இயலும்.

நாமும் சுமந்துதான் வந்தோம். ஆயின் எதனைச் சுமந்து வந்தோம் என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒருநாள், "பிரமன் படைக்கிறார், திருமால் காக்கிறார், சிவன் அழிக்கிறார்" என்று வழக்கம்போல் ஒப்புவிக்கச் செய்தோம். பிள்ளைகள் பிழையின்றி ஒப்புவித்தனர். முடிவில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, "தாத்தா, காக்கிற சாமி ஒருத்தர் இருக்கும்போது அழிக்கிற சாமியை ஏன் கும்பிடணும்?" என்று கேட்டாள். நாம் ஏதோ சொல்லி அமர்த்தினோம். அவ்விடை அவளுக்கு நிறைவளிக்கவில்லை, நமக்கும் நிறைவளிக்கவில்லை. குறை சிறுமியின் வினாவில் இல்லை, நாம் கற்பித்த பாடத்தில் இருந்தது. மூன்று துறைகளுக்கு மூன்று அதிகாரிகள் என்பது போன்ற அப்பாடம் எங்கிருந்து வந்தது? தமிழ் இலக்கியம் அதனை ஏற்கின்றதா? இவற்றை ஈண்டு ஆராய்வோம்.

மூவர் பங்கீடு பழையதா?

சங்கத் தொகை நூல்களைப் புரட்டுவோருக்கு முதலில் தோன்றுவது வியப்பே. நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் மூவர் பங்கீடு அங்கே அவ்வடிவில் காணப்படவில்லை. தொல்காப்பியர் நிலங்களுக்குரிய தெய்வங்களாக மாயோன், சேயோன், வேந்தன், வருணன் ஆகியோரைக் கூறினார். படைப்போன் என ஒருவரை அவ்வரிசையில் வைக்கவில்லை. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை நான்கு தெய்வங்களோடு ஒப்பிடுகிறார். சிவபெருமான், பலராமன், திருமால், முருகன் ஆகிய அந்நால்வருள் நான்முகன் இல்லை. சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் புகார் நகரக் கோயில்களை வரிசைப்படுத்தும் இடத்தில் சிவன், முருகன், பலராமன், திருமால், இந்திரன் ஆகியோர் கோயில்கள் முன்னிற்கின்றன. நான்முகனுக்கென ஒரு கோயிலை அவ்வரிசையில் காணோம்.

இதனால் நான்முகனைச் சங்கப் புலவர் அறியார் எனக் கொள்ளல் தவறு. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காஞ்சி மாநகரை வருணிக்கையில், திருமாலின் உந்தியில் தோன்றி நான்முகனைப் பயந்த தாமரையை உவமையாக்குகிறார். ஆங்கு நான்முகன் அறியப்பட்டவனே. எனினும் தனித் தலைவனாக வரவில்லை, ஓர் உவமைக்குள் வருகிறான்.

திருமுருகாற்றுப்படை தரும் காட்சி இதனினும் சுவையானது. திருவாவினன்குடிப் பகுதியில் தேவர் கூட்டம் முருகனைக் காணத் திரண்டு வருகிறது. அவர்கள் வருகை நான்முகனின் பொருட்டு. ஆவினன்குடி பழனி என்பது மரபு. வட்டவடையின் கிழக்கெல்லையில் தொடரும் மலைகளுக்குப் பழனிமலை என்பதே பெயர். ஆகவே இக்கதை அவ்வூர்க்கு அடுத்த வீட்டுக் கதை எனலாம். பின்னாளில் கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்தில் இதனை விரித்துப் பாடினார். ஓங்காரத்தின் பொருளைச் சொல்ல இயலாத நான்முகனை முருகன் சிறையிலிடுகிறான். அவன் சிறையிலிருந்த காலமெல்லாம் படைப்புத் தொழிலைத் தானே நடத்துகிறான். கதைச்சுவைக்காக மட்டும் இதனைப் படித்துச் செல்வோர் அதன் உட்பொருளை இழப்பர். பொருளறியாது படைப்பவன் படைப்புக்குத் தகுதியுடையவன் அல்லன். மேலும், படைப்பு ஒருவருக்கே எழுதிக் கொடுத்த உரிமையும் அன்று. மூவர் பங்கீடு அசையாத ஒன்றாயின், மலைக்குறவர் மருமகன் எப்படி ஒரே நாளில் படைப்போன் ஆவான்?

ஒன்றே மூன்றாதல்

மூன்று தொழில்களையும் தமிழ்ப் புலவர் பேசாமலில்லை. பேசும்போதெல்லாம் அவற்றை ஒருவர் கையிலேயே வைத்துப் பேசினர் என்பதே நாம் கருதத்தக்கது. பரிபாடலின் இரண்டாம் பாட்டில் கீரந்தையார் உலகத் தோற்றத்தைத் திருமால் மேல் வைத்துப் பாடுகிறார். வானிலிருந்து காற்றும், காற்றிலிருந்து தீயும், தீயிலிருந்து நீரும் தோன்றி, பின் நிலம் வெளிப்பட்ட வரலாற்றை ஊழிகளின் கணக்கோடு சொல்கிறார். தோற்றமும் ஒடுக்கமும் மாறிமாறி வரும் அப்பெருங்காலத்தில் நிலையாக நிற்பவன் ஒருவனே.

கம்பர் தம் காவியத்தின் முதற்பாட்டிலே இம்மூன்று தொழில்களையும் ஒரு தலைவனுக்கே உரியவாக்கி, அவற்றை முடிவற்ற விளையாட்டு என்கிறார். அப்பாட்டில் எந்தத் தெய்வத்தின் பெயரும் இல்லை. இராமனைப் பாட வந்தவர், 'காப்பவனை மட்டும் வணங்குகிறேன்' எனத் தொடங்கியிருக்கலாம். அவ்வாறு தொடங்காமையே அவர்தம் பெருமை. நம்மாழ்வார் திருவாய்மொழியின் நிறைவுப் பதிகத்தைத் தொடங்குகையில் தம் தலைவனை நான்முகன் என்றும் முக்கண் அப்பன் என்றும் சேர்த்தே விளிக்கிறார். வைணவத்தின் தலையாய ஆழ்வாரே இப்பிரிவினையைக் கடந்து நிற்கிறார் என்றால், நாம் அதனைப் பிள்ளைகள் மேல் ஏற்றுவது முறையாகுமா?

மணிவாசகர் வாக்கையும் காண்போம். அயலூரில் குடியேறிய நம் இல்லங்களில் மாலை விளக்கேற்றியதும் சிவபுராணம் ஓதும் வழக்கம் இன்றும் பலரிடம் உண்டு. அதில் படைத்தலும் காத்தலும் அழித்தலும் ஒருவனையே சுட்டி வருகின்றன. அம்மூன்றோடு நில்லாமல், அடுத்த சொல்லாகவே அருளும் வருகிறது. நாள்தோறும் வாய் இதனை ஓதுகிறது. ஞாயிற்றுக்கிழமையில் வகுப்பு வேறொன்றைக் கற்பிக்கிறது. ஓதுவதன் பொருளை உணராத குறைக்கு நான்முகன் சிறை புகுந்தான். நமக்கு அத்தண்டனை இல்லாதது நம் நற்பேறு.

வடமொழி மரபிலும் பிரிவினை முடிந்த முடிபாக இல்லை. காளிதாசர் குமாரசம்பவத்தின் இரண்டாம் சருக்கத்தில் தேவர்கள் வாயிலாக நான்முகனைப் போற்றுகையில், படைப்புக்கு முன் ஒன்றாயிருந்த பொருளே பின்னர் மூன்றாக வேறுபட்டது என்கிறார். குமரி மாவட்டத்துச் சுசீந்திரத்தில் தாணுவும் மாலும் அயனும் ஒரே இலிங்கத்தில் உறைவதாகக் கொண்டு தாணுமாலயன் என்கின்றனர். 1956 நவம்பர் முதல் நாள் அவ்வூர் திருவிதாங்கூர்-கொச்சி எல்லையிலிருந்து தமிழகத்துக்கு வந்தது. வட்டவடை கேரளத்திலேயே நின்றது. எல்லைகள் பிரித்தவற்றைக் கோயில்கள் சேர்த்து வைத்தன. மும்பையில் வாழும் நம்மவர் கண்டிருக்கக்கூடிய எலிபண்டாக் குகையின் மும்முகப் பெருஞ்சிற்பமும் இவ்வகையில் நினைக்கத்தக்கது. திரிமூர்த்தி என ஊரார் அழைக்கும் அதனை, ஒரே சிவனின் வெவ்வேறு முகங்களைக் காட்டும் சதாசிவ வடிவம் என ஆய்வாளர் விளக்குவர். மூன்று முகம் கண்டதும் மூன்று ஆள் என எண்ணுவது நம் கண்ணின் பழக்கம் போலும்.

ஒடுக்கமும் இளைப்பாறலும்

சிறுமியின் வினாவுக்கு நேர் விடை சைவ சித்தாந்தத்தில் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான மெய்கண்டார் பன்னிரண்டு நூற்பாக்களில் சிவஞானபோதத்தை அமைத்தார். அதன் முதல் நூற்பாவின் கருத்து இது: தோன்றி, நின்று, ஒடுங்கும் இவ்வுலகுக்கு ஒரு முதல்வன் உண்டு, எதனிடத்து அது ஒடுங்கியதோ அதனிடத்திலிருந்தே மீண்டும் தோன்றும், ஆகவே முடிவைச் செய்பவனே முதலைச் செய்பவனும் ஆவான். அழிப்பவன் சிவன் எனச் சைவர் கொண்டது அச்சத்தால் அன்று, தருக்கத்தால் என்பதை இது காட்டும். எல்லாம் ஒடுங்கிய பின்னும் எஞ்சியிருப்பவன் எவனோ, அவனே மறுபடி தொடங்க வல்லவன். நடுவில் ஒடுங்கிப் போகும் ஒருவனால் தொடங்க இயலாது.

அவர்தம் மாணாக்கர் அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் மேலும் ஒரு படி சென்றார். ஐந்தொழில்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, அவை உயிர்களுக்கு என்ன நலம் செய்கின்றன என வினவி விடை கூறினார். அழித்தலுக்கு அவர் சொன்ன பொருள் இளைப்பாற்றல் என்பது. பிறந்தும் இறந்தும் உழன்று களைத்த உயிர்களுக்கு ஓய்வு அளிப்பதே அழித்தல். ஐந்தொழிலும் முடிவில் அருளே. பகலெல்லாம் உழைத்த பிள்ளையைத் தாய் உறங்கச் செய்கிறாள், விளக்கை அணைக்கிறாள். விளக்கு அணைந்ததைக் கண்டு வீடு அழிந்தது என எவரும் அழுவதில்லை.

வைணவ மரபு இக்கருத்தை வேறோர் உருவகத்தால் சொல்கிறது. ஊழி வெள்ளம் எழும்போது திருமால் உலகங்களை உண்டு தன் வயிற்றில் வைத்துக் காக்கிறான். வெள்ளம் வடிந்ததும் வெளிப்படுத்துகிறான். ஆலிலை மேல் துயிலும் குழந்தையின் வயிற்றுக்குள் அனைத்துலகும் பத்திரமாய் இருக்கும் இக்காட்சியை ஆழ்வார்கள் மீண்டும் மீண்டும் பாடி மகிழ்ந்தனர். சைவர் துயில் என்றனர். வைணவர் வயிறு என்றனர். சொல் இரண்டாயினும் ஒடுங்கிய பொருள் தொலைந்து போவதில்லை என்பதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

இவ்வரிய கருத்தை ஒரே உருவில் நிறுத்தியது தில்லைக் கூத்தன் திருமேனி. மனவாசகம் கடந்தாரின் உண்மை விளக்கம் அதன் பொருளை விளக்கும். துடி ஏந்திய கை படைப்பு. அமைத்த கை காப்பு. தீ ஏந்திய கை ஒடுக்கம். ஊன்றிய பாதம் மறைப்பு. தூக்கிய பாதம் வீடு. கைகள் பலவாயினும் உடல் ஒன்றே; ஆட்டமும் ஒன்றே. யாழ்ப்பாணத் தமிழ்க் குடியைச் சேர்ந்த தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் மகனாகப் பிறந்த ஆனந்த குமாரசாமி, 1918-இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுதியில் இக்கூத்தை உலகுக்கு அறிமுகம் செய்தார். 2004-இல் இந்திய அரசின் கொடையாக ஜெனீவா அருகிலுள்ள செர்ன் அணுத்துகள் ஆய்வகத்தில் நடராசர் சிலை நிறுவப்பட்டது. வேற்று நாட்டு அறிஞர் ஒரே உடலில் ஐந்தொழிலையும் காணும்போது, நம் பிள்ளைகள் அதே சிலையைக் கண்டு 'அழிக்கும் சாமி' என்று மட்டும் அறிந்திருத்தல் நமக்குப் பெருமையாகாது.

நூலறிவு வேண்டாதார்க்கு வட்டவடையின் மண்ணே ஆசான். பூண்டு பயிரிடுவோர் விதைக்கென வைத்த பூண்டை உடைத்துப் பல் பல்லாக மண்ணில் ஊன்றுவர். அப்பல் தன்னைக் கரைத்தே வேரையும் தாளையும் தருகிறது. அறுவடையில் முழுப்பூண்டு கிடைக்கும், ஊன்றிய பல் கிடைக்காது. குறிஞ்சிச் செடியோ பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருந்து, மலையெங்கும் ஒருசேரப் பூத்து, விதையை உதிர்த்துவிட்டு மடிகிறது. பின் அவ்விதைகளிலிருந்து புதிய தலைமுறை எழுகிறது. அம்மலைகளில் 1982, 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் அது பூத்தது. வட்டவடை, கொட்டக்கொம்பூர்ப் பகுதிகளைச் சேர்த்துக் குறிஞ்சிமலைச் சரணாலயத்தைக் கேரள அரசு அறிவித்தது 2006-இல். மடிதல் இல்லையேல் அடுத்த மலர்ச்சியும் இல்லை. மெய்கண்டார் நூற்பாவில் வைத்ததை முருகனுக்குரிய செடி மலைச்சரிவில் எழுதிக் காட்டுகிறது.

படைத்தோனைப் பழித்த புலவர்

இவ்வளவில் கட்டுரையை முடித்தல் எளிது. முடித்தால் கேட்பதற்கும் இனிதாயிருக்கும். ஆனால் அது முழு உண்மையாகாது. தமிழ் இலக்கியத்தில் மற்றொரு குரலும் உண்டு. அது படைத்தவனை நோக்கிக் கைகூப்பாது, கைநீட்டிக் குற்றஞ்சாட்டும் குரல்.

புறநானூற்றின் 194-ஆம் பாட்டைப் பாடியவர் பக்குடுக்கை நன்கணியார். ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கிறது. அதே வேளையில் மற்றொரு வீட்டில் மண முழவு ஒலிக்கிறது. ஒரு பெண் பூச்சூடி மகிழ்கிறாள். ஒருத்தி பிரிவால் கண்ணீர் வடிக்கிறாள். இவ்வாறு உலகைப் படைத்தவன் பண்பற்றவன் என்று அப்புலவர் கூசாமல் சொல்கிறார். சொல்லிவிட்டு, கொடிய இவ்வுலகின் இயல்பு உணர்ந்தோர் அதனுள் இனியவற்றைத் தேடிக் காண்க என்று முடிக்கிறார். கடவுளை மறுக்கவுமில்லை, துயரை மறைக்கவுமில்லை.

வள்ளுவர் ஆதிபகவனை முதற்குறளிலேயே போற்றியவர். அவரே இரவச்சம் என்னும் அதிகாரத்தில், ஒருவன் பிச்சையெடுத்தும் உயிர்வாழ வேண்டும் என விதித்திருப்பின் உலகைப் படைத்தவனும் அவ்வாறே அலைந்து கெடுக எனச் சாபமிடுகிறார். பக்திக்கும் அறத்துக்கும் மோதல் வருமிடத்தில் வள்ளுவர் அறத்தின் பக்கம் நிற்கிறார். வறியவனின் பசியை ஊழின் தலையிலோ கடவுளின் தலையிலோ ஏற்றிவிட்டு நாம் கைகழுவிக் கொள்வதை அவர் அனுமதிக்கவில்லை.

இவ்விரு குரல்களையும் எவ்வாறு இணைப்பது? சித்தாந்தம் அழித்தலை அருள் என்கிறது; நன்கணியார் அதனைப் பண்பின்மை என்கிறார். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை மறுப்பது திறனாய்வாகாது. இரண்டும் வெவ்வேறு இடத்திலிருந்து எழுந்தவை என்பதை நாம் காணவேண்டும். மெய்கண்டார் ஊழியின் எல்லையில் நின்று உலகம் முழுவதையும் நோக்குகிறார். நன்கணியார் சாவு வீட்டு வாயிலில் நின்று ஒரு குடும்பத்தை நோக்குகிறார். ஊழிக்குரிய விடையைச் சாவு வீட்டில் சொல்வது அறிவுடைமையன்று.

மலை சரிந்த இரவு

இவ்வேறுபாடு நூலளவில் நிற்பதன்று என்பதை அம்மலைகளே நமக்கு உணர்த்தின. கொல்லம் 1099-ஆம் ஆண்டு வெள்ளம் என இன்றும் பேசப்படும் 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில், மூணாற்றையும் டாப் ஸ்டேஷனையும் இணைத்திருந்த குண்டளைப் பள்ளத்தாக்கு இருப்புப்பாதை அழிந்தது. பின்னர் அது கட்டப்படவேயில்லை. இன்று வட்டவடைக்குச் செல்வோர் அந்த இரயில் முடிந்த இடத்தைக் கடந்தே செல்கின்றனர்; டாப் ஸ்டேஷன் என்னும் பெயர் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஒரு தலைமுறைக்குப் பின் அவ்வழிவு வரலாறாகிவிட்டது. வரலாறான அழிவைத் தத்துவமாகப் பேசுவது எளிது.

ஆனால் 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றின் மற்றொரு பக்கத்தில், இராசமலைக்கு அருகே பெட்டிமுடியில் மழையோடு மலையும் இறங்கியது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் மண்ணுக்குள் புதைந்தன. எழுபது பேர் மாண்டனர். அவர்களுள் நால்வர் உடல் கிடைக்கவேயில்லை. மாண்டோர் தமிழர், அவர்தம் குடும்பங்களுள் பல தூத்துக்குடி மாவட்டக் கயத்தாறு வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்டவை. நம்மைப் போலவே பிழைப்புக்காக மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

தோட்டங்களில் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளுக்கு லயம் என்பது பெயர். ஆங்கிலச் சொல் மக்கள் நாவில் திரிந்து அப்பெயராயிற்று. சமய நூல்களில் படைப்பு, நிலைபேறு ஆகியவற்றை அடுத்து வரும் ஒடுக்கத்துக்கும் லயம் என்பதே பெயர். இரண்டு சொற்களும் பிறப்பால் தொடர்பற்றவை. அவ்விரவில் அவை ஒன்றையொன்று தொட்டபோது அதனைச் சொல்விளையாட்டாகக் காண நமக்கு மனம் வரவில்லை.

அந்நாள்களில் நம்மவர் வாயிலேயே, "எல்லாம் ஈசன் ஆடும் ஆட்டம், அழிப்பதும் அவன் தொழில்தானே" என்னும் பேச்சைக் கேட்டோம். சொன்னவர் தீய எண்ணத்தால் சொல்லவில்லை, ஆறுதலாகவே சொன்னார். ஆயினும் அச்சொல்லை நாம் ஏற்கவில்லை. ஏற்காமைக்குக் காரணம் நம் இலக்கியமே. அருணந்தியார் இளைப்பாற்றல் என்றது ஊழி முடிவில் உயிர்கள் அனைத்துக்கும் வரும் ஒடுக்கத்தை. சரிவின் கீழே வரிசையாக எழுந்த வீடுகளில், மழைநாள் இரவில், உழைத்துக் களைத்து உறங்கியோர் மீது மண் விழுந்ததை அக்கோட்பாட்டுக்குள் அடக்கினால், வீடு எங்கே கட்டப்பட வேண்டும், யார் எச்சரிக்க வேண்டும், மழையின் அளவை யார் பார்த்திருக்க வேண்டும் என்னும் வினாக்கள் அனைத்தும் அடங்கிப் போகும். அழிக்கும் அதிகாரி ஒருவர் மேலுலகில் இருக்கிறார் என்று கற்றுக் கொண்டால், கீழுலகில் எவரும் விடை சொல்ல வேண்டியதில்லை. மூவர் பங்கீட்டின் உண்மையான கேடு இதுவே என்பது நம் கருத்து.

அவ்விடத்தில் நமக்கு வேண்டியது நன்கணியார் குரல். அழுவோரோடு அழுது, படைத்தவனையே பண்பிலன் எனக் கடிந்து, அதன்பின் இனியது எது எனத் தேடும் குரல். இடிபாடுகளுக்கிடையே இரவு பகலாய் மண்ணைத் தோண்டியவர்களும், உற்றாரை இழந்த பிள்ளைகளைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்ற உறவினரும் அவ்வினியதைத் தேடியவர்களே. வள்ளுவர் சொன்ன அறமும் அதுவே. காத்தல் என்பது திருமாலுக்கு மட்டும் உரிய தொழிலாயின் அவர்கள் செய்ததற்கு என்ன பெயர் வைப்பது?

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் போந்த முடிபுகள் மூன்று. முதலாவது: படைத்தல், காத்தல், அழித்தல் என்பன மூவரிடையே பிரித்துக் கொடுத்த தனித்தனி அலுவல்கள் என்பது தமிழ் இலக்கியத்தின் தேர்ந்த முடிபன்று. கீரந்தையாரும் நம்மாழ்வாரும் மணிவாசகரும் கம்பரும் மெய்கண்டாரும் சமயத்தால் வேறுபடினும், அவை ஒருவன் தொழில் என்பதில் ஒருமித்து நிற்கின்றனர். இரண்டாவது: அழித்தல் என்னும் சொல் நம் பெரியோர் வழக்கில் பகைமையைக் குறிப்பதன்று, ஓய்வையும் மீள்தொடக்கத்தையும் குறிப்பது. மூன்றாவது: அப்பெருங்கருத்தைத் துயருற்றோர் வாயை அடைக்கும் துணியாக நம் புலவர் ஒருபோதும் பயன்படுத்தவில்லை, துயருற்றோர் சார்பில் கடவுளையே வினவத் துணிந்தனர்.

இம்மூன்றையும் சேர்த்தே பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். கூத்தன் திருமேனியைக் காட்டும் அன்றே நன்கணியார் பாட்டையும் ஓதுவிக்கலாம். சிவபுராணம் ஓதும் இல்லத்தில் இரவச்சத்துக் குறளும் ஒலிக்கட்டும். வினவாத பக்தியும் பக்தியற்ற வினாவும் நம் மரபின் பாதிகளே.

அச்சிறுமிக்கு அன்று சொல்லாத விடையைப் பின்னொரு ஞாயிற்றுக்கிழமையில் சொன்னோம். "அம்மா, காக்கிறவரும் அழிக்கிறவரும் வேறு வேறு ஆள் இல்லை. உன்னைத் தாலாட்டித் தூங்க வைத்தவளும் காலையில் எழுப்பியவளும் உன் தாய்தானே?" என்றோம். அவள் சற்று நேரம் எண்ணிப் பார்த்தாள். பிறகு, "அப்ப பெட்டிமுடியில தூங்கினவங்களை யார் எழுப்புவாங்க தாத்தா?" என்று கேட்டாள். அதற்கு நம்மிடம் விடை இல்லை. இல்லை என்றே சொன்னோம். நன்கணியாரும் அதைக் கேட்டவர்தாம் என்று மட்டும் கூறி, அவர் பாட்டைக் கரும்பலகையில் எழுதினோம். வகுப்பு முடிந்தும் சிலர் அதைத் தம் ஏட்டில் படியெடுத்துக் கொண்டிருந்தனர்.

குறிஞ்சி மீண்டும் பூக்கும் முறை 2030-இல் வரும். அன்று வட்டவடைக்குச் செல்ல வாய்ப்புள்ளோர் தம் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்க. பூத்துக் குலுங்கும் மலையைக் காட்டுவதோடு நில்லாது, மறு ஆண்டு அதே சரிவில் காய்ந்து நிற்கும் செடிகளையும், அவற்றின் அடியில் விழுந்து கிடக்கும் விதைகளையும் காட்டுக. முன்னோர் முதுகில் சுமந்து மலையேறிய தெய்வத்தைப் பிள்ளைகள் கையில் ஒப்படைக்கும் கடமை நம்முடையது. மூன்றாக உடைத்துத் தராமல் முழுதாகத் தருவோமாக.